பழைய வேனின் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் ஓட்டிய வேனை வாங்குபவருக்கு, அதன் கூலிங் அமைப்பில் முன்பு யார் என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. எந்தக் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினார்கள், தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கிறதா அல்லது கழற்றி எறியப்பட்டதா, இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை கொதித்து, அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை மட்டமாகச் சீவியிருக்கிறார்களா என்பதையெல்லாம் வண்டியைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். எனவே உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன், வேன் எந்த நேரத்தில், எந்த நிலையில் சூடேறுகிறது என்று கவனிப்பதும், செலவில்லாத சோதனைகளை முதலில் முடிப்பதுமே சரியான வழி.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வெப்பநிலை முள் சிவப்பை நெருங்கினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை வேனுக்குள் இறக்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குப் புழுக்கமாக இருந்தாலும், பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டும்வரை அது உதவும். முள் இறங்கவில்லை என்றாலோ, நீராவி தெரிந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாம் என்று எண்ணாமல் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அலுமினிய ஹெட் வளைவதற்குச் சில நிமிடக் கடும் சூடே போதும். ஒரு ஹோஸை மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக மாறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரில்தான்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்தினால் சூடோ இறுக்கமோ இல்லாதபோது மட்டுமே திறக்கலாம். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்ஜின் இருக்கைக்கு அடியில் மூடப்பட்டிருக்கும் வேன்களில் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்து அழுத்தம் விட்டதும் அது ஒரே நொடியில் கொதித்து, முகத்திலும் கையிலும் பீய்ச்சியடிக்கும். துணியைப் போட்டுத் திறப்பது பாதுகாப்பு ஆகாது.

அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டோ அதன் அடியில் உள்ள பிளாக்கோ வெடிப்பு விடக்கூடும். பணிமனை வரை போய்ச் சேர்வதற்குத் தண்ணீர் போதும். அதன் பிறகு அதை வடித்துவிட்டுச் சரியான கூலண்ட் கலவையை நிரப்ப வேண்டும்.

முள் நடுவில் நிற்கிறது என்றால் எல்லாம் சரி என்று நம்பலாமா?

முழுமையாக நம்ப முடியாது. பெரும்பாலான இன்ஜின்கள் 85 முதல் 105 டிகிரி வரையான எல்லைக்குள் இயங்குகின்றன. பல வண்டிகளில், இந்த எல்லை முழுவதும் முள் அசையாமல் நடுவில் நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஆகவே முள் மேலேறத் தொடங்கும்போது சூடு ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும். ஓபிடி இணைப்பு (வண்டியின் கணினியைப் படிக்க உதவும் சாக்கெட்) உள்ள வேனாக இருந்தால், அதில் செருகும் சிறிய ரீடர் ஒன்றைக் கைபேசியுடன் இணைத்து, கூலண்டின் உண்மையான வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். பழைய வேன் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கூலண்ட் மிகவும் குறைந்துவிட்டால், சென்சார் திரவத்தில் மூழ்காமல் நீராவியிலோ காற்றிலோ நிற்கும்; அப்போது இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். உயர்ந்த முள் காரணமின்றித் திடீரென்று விழுந்தால், வண்டி ஆறிவிட்டது என்று மகிழாமல் உடனே நிறுத்துங்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது சூடேறுகிறது என்பதே முதல் துப்பு. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகம் எடுத்ததும் ஆறினால், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், சென்சார், பெல்ட்டால் ஓடும் ஃபேனின் வேகத்தைச் சூட்டுக்கேற்ப மாற்றும் விஸ்கஸ் கிளட்ச் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுவதால் குறை மறைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது நன்றாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலோ ஏற்றத்திலோ பாரம் ஏற்றியபோதோ சூடேறினால், காற்று போதுகிறது, திரவத்தின் ஓட்டம் போதவில்லை என்று பொருள் கொள்ளலாம். உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இலைகள் தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சும் விசையில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவை இந்த வகையில் வரும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் தொடக்கநிலைக் கசிவும் முதலில் பாரத்தின்போதுதான் தன்னைக் காட்டும்.

குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் சிவப்புக்கு ஏறி, ரேடியேட்டர் மட்டும் குளிர்ச்சியாகவே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம்; அல்லது கூலண்ட் குறைந்தோ காற்று அடைத்தோ இருக்கலாம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்து, ஹீட்டரில் சூடும் குளிரும் மாறி மாறி வந்தால், உள்ளே காற்று இருக்கிறது என்பதே பெரும்பாலும் விடை. இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்காற்று மட்டுமே வந்தால், ஹீட்டருக்குச் சூடான திரவம் போய்ச் சேரவில்லை. கூலண்டின் அளவையும் பம்ப்பையும் பாருங்கள்.

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். “வண்டி சூடாகிறது” என்று மட்டும் சொன்னால், அவர் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்ற வேண்டியிருக்கும்.

கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே போகிறது?

சூடான இன்ஜின் மேல் படும் சிறு கசிவு சொட்டாக விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். காய்ந்த வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கறை மட்டும் எஞ்சும். ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பு, பம்ப்பின் அடியில் இருக்கும் சிறிய கசிவுத் துளை ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முன் இருக்கைப் பக்கத்துக் கால்மிதி ஈரமாகி இனிப்பு வாடை வீசினால், ஹீட்டருக்குள் கசிகிறது என்று அறியலாம். பின்பக்கத்துக்குத் தனி ஹீட்டர் உள்ள வேன்களில், தரைக்கு அடியில் நீளமாகச் செல்லும் உலோகக் குழாய்கள் துருப்பிடித்துக் கசிவது உண்டு. வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் அதைக் காண முடியாது.

கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபோது, அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். பம்ப்பின் அழுத்த முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லை என்றால், கசிவு இன்ஜினுக்குள்ளேயே இருக்கக்கூடும்.

ரேடியேட்டர் மூடிக்கும் சூடேறுவதற்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு உண்டு. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலண்ட், திறந்த நிலையில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தினால், அதே கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், வேறு குறையே இல்லாத இன்ஜினும் கொதித்துக் கூலண்டை வெளியே தள்ளும். மூடியில் இன்னொரு சிறிய வால்வும் இருக்கிறது. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து திரவத்தைத் திரும்ப உள்ளே இழுப்பது அதன் வேலை. அது சிக்கிக்கொண்டால், ஆறிய இன்ஜினில் ஹோஸ்கள் ஒடுங்கிக் கிடப்பதைக் காணலாம். எல்லாப் பாகங்களிலும் எளிதாக மாற்றக்கூடியது மூடிதான். உங்கள் வேனுக்குரிய அழுத்த அளவு பொறித்த மூடியையே வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார்களே?

இந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல், அதிக எரிபொருளைக் குடித்து, ஆயிலில் ஈரம் சேர்த்து, விரைவாகத் தேயும். அதுமட்டுமல்ல, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் மறுமுனை, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை அடைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், பாரத்தின்போது சூடு முன்பைவிட அதிகமாகும்.

சோதிப்பது எளிது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட் அடியில் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் அளவில், பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரிக்குள், திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிநிலையை நெருங்குவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது, காற்று வெளியேறுவதற்கான சிறு துளை அதில் இருந்தால், அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள்.

ஃபேன் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மின்சார ஃபேன் உள்ள பெரும்பாலான வேன்களில், ஏசியைப் போட்டதும் அது ஓடத் தொடங்கும். ஓடவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள். பிறகு மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம் கொடுத்துச் சோதியுங்கள். நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்றால், குறை சென்சாரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. ஓடினாலும் மெதுவாக ஓடும் மோட்டார் போதாது.

பெல்ட்டால் ஓடும் ஃபேனில் விஸ்கஸ் கிளட்ச் என்ற பகுதி இருக்கும்; அதற்குள் சிலிக்கோன் திரவம் உண்டு. இன்ஜின் சூடான பின், அதை அணைத்துவிட்டுச் சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்றுகள் சுழன்றாலோ, கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து கழற்றப்பட்டிருந்தால், அதையும் திரும்பப் பொருத்துங்கள். அது இல்லையென்றால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

வெளி அடைப்பு வேறு, உள் அடைப்பு வேறு. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பல ஆண்டுத் தூசியும் பூச்சிகளும் மெத்தைபோல் சேர்ந்திருப்பது முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உயர் அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

உள் அடைப்பைக் காண, இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பின், அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பாருங்கள். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த பகுதிகள் இருந்தால், அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைவாகக் காட்டும் என்பதால், அங்கே மங்கலான கறுப்பு டேப்பை ஒட்டி அளப்பது நல்லது. லேசான அடைப்பைக் கழுவிச் சரிசெய்யலாம்; பாதிக்கு மேல் அடைத்திருந்தால் புதியது வாங்குவதே நீடிக்கும்.

வாட்டர் பம்ப் கசியவில்லை என்றால் அது நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. உள்ளே இருக்கும் இலைச்சக்கரம் உலோகமாக இருந்தால் அரித்துத் தேயும். பிளாஸ்டிக்காக இருந்தால் வெடித்துத் தண்டில் வழுக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலேயே ஓட்டம் பாதியாகக் குறையலாம். டைமிங் பெல்ட்டால் பம்ப் சுழலும் இன்ஜினாக இருந்தால், பெல்ட்டை மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுங்கள், உழைப்பு ஒன்றுதான்.

மற்ற வண்டிகளைவிட வேனில் காற்று அடைப்பு ஏன் அதிகம்?

பல வேன்களில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியிலோ பின்பக்கத்திலோ இருக்கிறது. ரேடியேட்டர் மட்டும் காற்றுக்காக முன்னால் இருக்கிறது. வோக்ஸ்வாகனின் டி3 வேனில், 1980-களில் வந்த நீரால் குளிரும் இன்ஜின் பின்னாலும், ரேடியேட்டர் மூக்கிலுமாக, வண்டியின் நீளம் முழுவதும் குழாய்கள் ஓடும். இத்தகைய அமைப்பில் குழாய்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கிவிடும். பின் ஹீட்டர் இருந்தால் இன்னும் இரண்டு நீண்ட குழாய்கள் சேர்கின்றன. கூலண்டை நிரப்பிவிட்டோம் என்று எண்ணுகிறோம். ஆனால் உள்ளே சில லிட்டர் குறைந்திருக்கும். பழுதுபார்த்த பிறகும் சூடேறும் வேன்களில் நான் முதலில் சந்தேகிப்பது புதிய பாகத்தை அல்ல, இந்தக் காற்றைத்தான்.

காற்றை வெளியேற்ற, வண்டியின் எந்தப் பக்கத்தில் நிரப்பும் வாய் இருக்கிறதோ, அல்லது கையேடு எந்தப் பக்கத்தைச் சொல்கிறதோ, அதைச் சரிவிலோ உறுதியான ஸ்டாண்டிலோ உயர்த்துங்கள். முன், பின் ஹீட்டர்கள் இரண்டையும் முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேறுவதற்காக உள்ள எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, குமிழி இல்லாமல் திரவம் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றி, தாழ்வான திருகிலிருந்து ஒவ்வொன்றாக மூடுங்கள். பிறகு இன்ஜினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, அளவு இறங்க இறங்க நிரப்புங்கள். ஹோஸ்களை உறையணிந்த கையால் பிசைந்துவிட்டால் சிக்கிய குமிழிகள் நகரும். இரண்டு ஹீட்டர்களிலும் நல்ல சூடு வந்தால்தான் வேலை முடிந்தது. முதலில் வெற்றிடமாக்கி, பிறகு கூலண்டை உறிஞ்ச வைக்கும் கருவி உள்ள பணிமனை கிடைத்தால், இத்தனை சிரமமும் தேவையில்லை.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஒரே அறிகுறியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படலம் இருந்தாலே கேஸ்கெட் போய்விட்டது என்பவர்கள் உண்டு. குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் வெறும் ஈரம் படிந்தும் அப்படி வரும். குளிர்காலக் காலையில் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருவதும் இயல்பே. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காமல், இனிப்பு வாடையுடன் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உறுதியான அறிகுறிகள் வேறு. இரவு முழுவதும் ஆறிய இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், கூலண்ட் இன்னும் சூடேறாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டருக்குள் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு கூலண்டுக்குள் புகுகிறது. காற்றை முறையாக வெளியேற்றிய பிறகும் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதும் அதையே காட்டும். இதை உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் இருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சும் சோதனைக் கருவி இருக்கிறது. அந்த வாயு கலந்திருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறும். கூலண்ட் கருவிக்குள் ஏறினால் முடிவு தவறாகிவிடும் என்பதால், அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்ய வேண்டும். எந்தச் சிலிண்டர் என்று அறிய, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும், ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை ஏற்றி எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் சோதனையும் உதவும்.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது, ஏனென்றால் கேஸ்கெட் தானாகப் போவது அரிது. வேறொரு காரணத்தால் வந்த சூடு அதைக் கெடுத்திருக்கும். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதிய கேஸ்கெட்டைப் போட்டால், அதுவும் போகும். ஹெட்டைக் கழற்றியதும் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவைப் பார்க்க வேண்டும். ஏற்கத்தக்க அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்; பல இன்ஜின்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பட்டறையில் சீவுவதற்கு முன் வெடிப்புச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவி என்ன பயன்? இழுத்து நீளும் வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கையேட்டில் சொன்ன வரிசையிலும் படிநிலைகளிலும்தான் முறுக்க வேண்டும்.

எந்தக் கூலண்டை ஊற்றுவது? நிறத்தைப் பார்த்து வாங்கலாமா?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாம் விரும்பிய சாயத்தைச் சேர்க்கிறார்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிப்பொருள் இருக்கலாம். பொருந்தாத இரண்டைக் கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும், சில சமயம் கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கும். கையேட்டில் குறித்த தர எண்ணைப் புட்டியில் தேடுங்கள். முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத வேனில், முழுவதும் வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டுப் புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு. கலக்கும் தண்ணீர் உப்பு நீக்கியதாக இருக்கட்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் சூடான உலோகத்தில் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விடாமல், குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாமல் மூடி வையுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள்.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் பயன்படுமா?

ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும். அவை கசிவை அடைப்பதுபோலவே ஹீட்டரின் நுண்குழாய்களையும் ரேடியேட்டரையும் அடைக்கும்.

கூலிங் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால்?

சூடு அதிகமாக உண்டாகிறதா என்று பாருங்கள். சரியாக விலகாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக், புகைக்குழாயில் அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக வருவது), காற்று மிகுந்த எரிபொருள் கலவை, வழுக்கும் ஆட்டோமேட்டிக் கியர், அனுமதித்ததற்கு மேலான பாரம் ஆகியவை நல்ல கூலிங் அமைப்பையும் தோற்கடிக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டால், உரசும் பிரேக்கை உடனே பிடித்துவிடலாம்.

பழைய வேன் வாங்கும் முன் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். விற்பவரிடம் இன்ஜினை முன்கூட்டியே கிளப்பி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போகும்போது அது சூடாக இருந்தால், காரணத்தைக் கேட்டுவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, கூலண்ட் தெளிவாக இருக்கிறதா, துரு நிறத்திலோ எண்ணெய் மிதந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால், கசிவுக்காகத் தினமும் ஊற்றி வந்திருக்கலாம். ஃபேனுக்குத் தனியாக ஒரு சுவிட்ச், ஹெட்டைச் சுற்றி மட்டும் புதிய சீலண்ட், கழற்றி விடப்பட்ட எச்சரிக்கை விளக்கு வயர் ஆகியவை முன்பு நடந்த கதையைச் சொல்லும். பிறகு அரை மணி நேரமாவது, ஏற்றமும் நெரிசலும் உள்ள வழியில், ஏசியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைக்காமல் வண்டியை மட்டும் நிறுத்தி, ஃபேன் தானாக ஓடி நிற்பதைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பழுதுபார்த்த பிறகு வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

முதல் ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை முழுவதும் ஆறவிட்டு, கூலண்ட் அளவைப் பார்த்து நிரப்புங்கள். தங்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதல் ஓரிரு முறை அளவு இறங்குவது இயல்பு. அதன் பின் ஒரு வாரம், தினமும் காலையில் ஆறிய நிலையில் ரிசர்வ் டேங்கில் ஒரு கோடு போட்டு அளவைக் குறித்து வாருங்கள். அளவு கோட்டிலேயே நின்று, பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டும்போதும் ரீடரில் காணும் வெப்பநிலை 105 டிகிரியைத் தாண்டாமல், சமதளத்துக்கு வந்ததும் சில நிமிடங்களில் வழக்கமான அளவுக்கு இறங்கினால், பழுது தீர்ந்தது. அளவு மீண்டும் மீண்டும் இறங்கினால் அழுத்தச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதுவரை தொலைதூரப் பயணத்துக்கு அந்த வேனை எடுக்காதீர்கள்.